துருக்கறை எடுத்த வார்

அந்த லாண்டரியில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறைக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி படுக்கைவிரிப்பு, ஓட்டல் மேஜைத்துணி, டாக்டர்களின் கோட்டு என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெரிய மெஷின்கள் உருட்டு உருட்டென்று உருட்டியும் போகாத கறையெல்லாம் கடைசியில் ஜன்னலோரம் இருந்த அவருடைய மேஜைக்கு வந்து சேரும். ரத்தமா, மையா, எண்ணெயா, துருவா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி, ஒரு பிரஷ். கறை போனதும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எங்க இருந்துச்சு, இப்பக் காட்டு பார்க்கலாம்" என்பார். யாராலும் காட்ட முடியாது. அதைக் கேட்பதற்காகவே மனிதர் வேலைக்கு வருகிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவிக்கு வேறு ஊரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவாள். மகளை வளர்த்ததில் பெரும்பங்கு இவருடையது. ஆனால் உட்கார்ந்து பேசத் தெரியாது, தட்டிக்கொடுக்க வராது, என்னம்மா நடந்தது என்று அன்பாகக் கேட்டால்கூட போலீஸ் விசாரணை போலத்தான் இருக்கும். துணி விஷயம் மட்டும் வேறு. தொட்டில் துணியிலிருந்து, அவள் படித்து முடித்து வேலைக்குப் போகிற இந்த நாள் வரைக்கும், மகளின் துணியை வேறொரு கை துவைத்ததில்லை. அவளையே துவைக்க விட்டதில்லை. அவள் எடுத்தால், "வை, வை, உனக்குக் காலர் தேய்க்க வராது" என்று பிடுங்கிக்கொள்வார். மனிதருக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

அந்த மகள்தான் ஒரு நாள் சுவர் ஏறக் கிளம்பினாள். பழைய கிடங்கு ஒன்றை வளைத்து, சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகளைப் பதித்து, கயிறு கட்டி ஏறவிடுகிற கூடம் ஒன்று ஊருக்குள் வந்திருந்தது. கறைக்காரர் ஒரே ஒரு தடவை அங்கே போனார். கூரைக்குப் பக்கத்தில் மகள் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "இறங்குடி கீழே" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கத்தினார். அதோடு விட்டாரா? கீழே கயிறு பிடித்திருந்த அவளுடைய தோழியின் கையைப் பிடித்து இழுத்தார். மேலே இருப்பவளின் உயிர் அந்தக் கையில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அங்கிருந்த கோச் அம்மா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டாள். மகள் அவமானத்தில் குன்றிப்போய் வீட்டுக்கு வந்தாள். பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று சொல்வதே இல்லை. கை வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்கிற வெள்ளைச் சாக்பொடி துணியில் ஒட்டியிருப்பதை வைத்துத்தான் இவர் தெரிந்துகொள்வார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, கூடத்துச் சுவர் போதாதென்று நிஜப் பாறையில் ஏறப்போகிறேன் என்று அவள் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மனைவி இவரைக் கூப்பிட்டாள். "அவ போகத்தான் போறா. நீங்க கத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவகூடக் கடைக்குப் போய் நல்ல துணிமணியா பார்த்து வாங்கிக் குடுங்க. அதுதானே உங்களுக்குத் தெரியும்" என்றாள். சமாதானத்துக்கு ஒரு வழி கிடைத்ததே என்று இவருக்கு உள்ளூர சந்தோஷம். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே மகளோடு கிளம்பினார்.

மலையேறும் சாமான்கள் விற்கிற கடை அது. விரல் நுனியெல்லாம் தோலுரிந்த ஒல்லி மனிதர் ஒருவர் கடை வைத்திருந்தார். கறைக்காரர் நேராகப் பருத்திக் கால்சட்டைகள் இருந்த பக்கம் போய் ஒன்றை உருவினார். பருத்திக்கு மிஞ்சி உடம்புக்கு என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். கூடத்துக்குள் ஏறினால் பருத்தி, பழைய பனியன், எது வேண்டுமானாலும் போடலாம், கையும் காலும் தாராளமாக நீண்டு மடங்கினால் போதும். வெளியே அப்படியில்லை. வேர்வையில் ஊறிய பருத்தி லேசில் காயாது, மேலே காற்றடித்தால் உடம்பு சில்லிட்டுவிடும், முட்டியில் ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவும் விடாது. கறைக்காரர் ஒத்துக்கொள்வாரா? குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பருத்தியிலும், கடைக்காரர் காட்டிய செயற்கை இழைத் துணியிலும் ஓரத்தில் தெளித்து, பிழிந்து, ஊதி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பருத்தியை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

அப்புறம் கடையே அவர் கைக்கு வந்துவிட்டது. கால்சட்டைகளை உள்பக்கம் புரட்டித் தையல் பார்த்தார். கவட்டில் ஒற்றைத் தையல் போட்டதையெல்லாம் தள்ளினார். பாறை உரசினால் தாங்குகிற மாதிரி கெட்டி நெசவு, முட்டியில் கொஞ்சம் இழுவை, நீளமான கால், இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மேலே போட முழுக்கைச் சட்டையில் பளீரென்ற மஞ்சளை எடுத்தார். கண்ணைக் குத்துது, வேண்டாம்ப்பா என்றாள் மகள். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியணும் என்றார். நீ எங்கே வந்து பார்க்கப்போற என்று அவள் கேட்டாள். இவர் மஞ்சளையே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கால் இருப்பதே தப்பு என்பது போல இறுக்கமான ஒரு ஷூவுக்குள் மகள் காலைத் திணிப்பதைப் பார்த்து இவருக்கு மனசு பொறுக்கவில்லை. விரல் மடங்குகிற அளவு இறுக்கம் கூடத்துக்குச் சரி, நாள் முழுக்கப் பாறையில் நிற்கக் கொஞ்சம் தளர்வாக, அடி கெட்டியாக இருப்பது நல்லது என்று கடைக்காரரே சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மேலேயிருந்து கல் விழும் என்பதால் ஹெல்மெட். அதை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினார்.

ஹார்னெஸ் மட்டும் வாங்கவில்லை. இடுப்பையும் இரண்டு தொடையையும் சுற்றிப் பிடிக்கிற வார்க்கட்டு அது. முன்பக்கத்தில் கயிற்றைக் கோத்துக் கட்டுவார்கள். விழுந்தாலும், இறங்க உட்கார்ந்தாலும் மொத்த உடம்பும் அதில்தான் தொங்கும். மகளிடம் கூடத்துக்கு வாங்கியது ஒன்று இருந்தது, கையோடு கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல நைலான், தையல் எல்லாம் முழுசா இருக்கு, இதுவே போதும் என்றார். "அழுக்கானா வெறும் சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல போடுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றார். கறைக்காரர் தலையாட்டினார். துவைப்பதைப் பற்றி எனக்கு இவன் சொல்கிறான் பார் என்று மனதுக்குள் ஒரு நமட்டுச் சிரிப்பு. வீட்டுக்கு வரும்போது மகள் இவரோடு பேசிக்கொண்டே வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிப் பேசினாள்.

அவள் கடைக்காரர் சொன்னபடியே வாரை அலசிக் குளியலறை ஆணியில் மாட்டினாள். ஆணி துருப்பிடித்த ஆணி. ஈர வார் முழு ராத்திரியும் அதில் கிடந்ததில், முன்பக்கம், சரியாகக் கயிறு கோக்கிற இடத்தில், காவி நிறத்தில் ஒரு கறை இறங்கிவிட்டது. மகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கறைக்காரர் கண்ணில் பட்டால் சும்மா விடுவாரா? முதல் தடவையாக வெளியே போகிறாள், நாலு பேர் பார்ப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனார். துருவுக்கென்று வைத்திருந்த புட்டியைத் திறந்து, அந்த இடம் முழுக்க ஊறுகிற அளவுக்கு மருந்தைப் பூசி, பொறுத்திருந்து அலசினார். வருஷக்கணக்காகப் பருத்தி விரிப்பில் போட்டு ஒரு குறையும் வராத மருந்து. கறை சுத்தமாகப் போய்விட்டது. மகள் வாரைக் கையில் வாங்கி, "அய்யோ, புதுசு கணக்கா இருக்கேப்பா" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டை நினைத்து நினைத்து மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோச் அம்மாவும் தோழியும் வந்து அவளை அழைத்துப் போனார்கள். லாண்டரிக்கு ஞாயிறு லீவு கிடையாது. கறைக்காரர் வழக்கம்போல மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா ஒரு துணித்தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடக்க முடியாத நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்குவதற்கு ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது, நாலு மூலையிலும் வார் உள்ளது. போன வாரம் இவர்தான் அதில் துருக்கறை எடுத்துக் கொடுத்திருந்தார்.

அவள் கோபப்படவில்லை, அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது. கறை எடுத்த வாரைக் காலால் மிதித்துக்கொண்டு மேலே ஒரு இழுப்பு இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

"இது நைலான். உங்க துரு மருந்து ஆசிட். பருத்தி தாங்கும், இது தாங்காது. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது, பாரம் ஏறினாத்தான் தெரியும்" என்றாள். நல்லவேளை, ஆளைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கறைக்காரர் காதில் எதுவும் விழவில்லை. நல்ல நைலான் என்று கடைக்காரர் சொன்னது மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

 மகளுக்குப் போன் போட்டார். போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். கோச் அம்மா நம்பர் இவரிடம் ஏது? கூடத்துக்குப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. மனைவிக்குப் போட விரல் போனது, என்னவென்று சொல்வது என்று வெட்டிவிட்டார். லாண்டரி வேன் சாவி சுவரில் தொங்கியது. யாரையும் கேட்கவில்லை. பின்னால் அழுக்கு மூட்டைகள் உருள, வேனை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஊரைத் தாண்டி, கடையிலிருந்து வரும்போது மகள் சொல்லியிருந்த பாறைகள் பக்கம் அவருக்கு வழி தெரியும். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். அவள் இன்னும் ஏறியிருக்கக் கூடாது. சோம்பேறியாக உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். காலில் முள் குத்தியிருக்க வேண்டும். மழை கொட்ட வேண்டும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பாழாய்ப்போன வானம். ஒரு லாரி வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தபோது ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். நான் போட்ட மருந்து, என் கை, என் கை என்று வாய்விட்டுப் புலம்பினார்.

வேன் போகிற வரைக்கும் போய், அப்புறம் இறங்கி ஓடினார். செங்குத்தாக நின்ற பாறையில் மேலே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் சட்டை தெரிந்தது.

பாதம் பாதியளவே பதிகிற ஒரு விளிம்பில் நின்று, ஒரு வெடிப்புக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிடித்திருந்தாள். இடுப்பிலிருந்து கயிறு உச்சிக்குப் போய், அங்கே வளையத்தில் திரும்பிக் கீழே தோழியின் கைக்கு வந்தது. கோச் அம்மா பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் களைத்திருந்தாள். "கை போயிடுச்சு, கொஞ்சம் உட்கார்றேன், இறுக்கிப் பிடி" என்று மேலேயிருந்து சொன்னாள்.

"உட்காராதே" என்று கறைக்காரர் கத்தினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லாண்டரி உடுப்பில், மூச்சிரைக்க, கண்ணெல்லாம் சிவந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் கோச் அம்மாவின் முகம் இறுகிவிட்டது. மேலே மகளுக்குத் தலையைத் திருப்பாமலே குரல் தெரிந்துவிட்டது. இங்கேயும் வந்துட்டியாப்பா, போயிடு, தயவுசெஞ்சு போயிடு என்றாள். குரலில் அழுகை. தோழியைப் பார்த்து, அவர் கிடக்கார், நீ இறுக்கு என்றாள். தோழி கயிற்றை இழுத்து இறுக்க ஆரம்பித்தாள்.

கறைக்காரரின் கை தோழியின் கையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்குக் கூடத்தில் அவர் செய்து வைத்த காரியம்தான் இப்போது அவள் உயிருக்கு எமனாக நின்றது. இன்னொரு தடவை அதையே செய்தால் யார் நம்புவார்கள்? தோழியின் முன்னால் கைகூப்பி மண்டியிட்டுக்கொண்டு, மேலே பார்த்து, தொண்டை கிழியச் சொன்னார்.

"நான் உன்னை இறங்கச் சொல்ல வரலம்மா. உன் வார்ல துரு மருந்து போட்டது நான். அது ஆசிட். நைலானைத் தின்னுடுச்சு. நீ உட்கார்ந்தா அறுந்துடும். நான் கெடுத்துட்டேன்மா, நான்தான் கெடுத்துட்டேன். உட்காராதே."

தோழியின் கை நின்றது.  எங்கே போட்டீங்க என்று கோச் அம்மா கேட்டாள். கயிறு கோக்கிற இடம் முழுக்க என்றார். அவள் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரெண்டு காலையும் ஊனி அப்படியே நில்லு. வார்ல ஒரு பொட்டு பாரம் போடாதே. நான் பின்வழியா மேல வந்து வேற கயிறு விடறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடினாள்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கறைக்காரர் எழுந்து போய் மகளுக்கு நேர் கீழே நின்று இரண்டு கையையும் விரித்தார். அங்கே நிற்காதீங்க, கல் விழும் என்று தோழி சொன்னாள். அவர் நகரவில்லை. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஏந்திவிட முடியுமா என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விரித்த கையை மடக்க முடியவில்லை.

மகளின் வலது கால் நடுங்கத் தொடங்கியது. தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழுமாக ஆடியது. அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய கால்சட்டையின் ஓரம் அதோடு சேர்ந்து ஆடியது.

"அப்பா, கை வலிக்குது" என்றாள். சின்னப் பிள்ளையின் குரல்.

"வலிக்கும்மா. விட்டுடாதே. அப்பா இங்கதான் இருக்கேன்."

வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல் பெயர்ந்து வந்து அவர் தோளில் விழுந்தது. உயிர் போகிற வலி. அவர் முனகக்கூட இல்லை, சத்தம் கேட்டு அவள் கீழே பார்த்துவிடக் கூடாது. கோச் அம்மாவை இன்னும் காணோம். பாதையில் கால் இடறி விழுந்திருப்பாளோ, வழி மாறிப் போயிருப்பாளோ என்று என்னென்னவோ நினைப்பு ஓடியது. என்னை எடுத்துக்கோ, என்னை எடுத்துக்கோ என்று யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டார்.

ஒரு வழியாக உச்சியில் தலை தெரிந்தது. பெரிய சுருக்குப் போட்ட கயிறு இறங்கியது. பாதியில் ஒரு புதரில் மாட்டியது. இழுத்து மறுபடியும் விட்டாள். இந்தத் தடவை மகளின் தோள் பக்கம் வந்து ஆடியது. அதை எடுக்க ஒரு கையை விட வேண்டும். விட்டாள். தலைவழியாகப் போட்டு ஒரு கையை நுழைத்தாள். அடுத்த கையை மாற்றி நுழைத்துக்கொண்டிருக்கும்போதே கால் வழுக்கியது. மஞ்சள் சட்டை பாறையை விட்டு வெளியே வந்தது. கறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது புதுக்கயிறு அவள் அக்குளை இறுக்கிப் பிடித்திருந்தது. பழைய கயிறு தொளதொளவென்று இடுப்பில் தொங்கியது. ஆடி வந்து மறுபடி பாறையைப் பிடித்துக்கொண்டாள். மேலே கோச் அம்மா இழுக்க, மிச்சத்தை ஏறி முடித்தாள்.

பின்வழியாக இருவரும் நடந்து இறங்கி வந்தார்கள். மகளின் விரல் முட்டியெல்லாம் ரத்தம். இவர் பக்கம் பார்க்காமல் வாரைக் கழற்றினாள். கோச் அம்மா அதை ஒரு மரத்தின் அடிக்கிளையில் மாட்டி, கயிறு கோக்கிற இடத்தில் இன்னொரு கயிற்றைக் கட்டி, தோழியும் அவளுமாகத் தொங்கி இழுத்தார்கள். கிழிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

மகள் அந்தக் கிழிசலையே வெறித்துப் பார்த்தாள். "காலையில முதல் தடவை ஏறிட்டு, இதுல உட்கார்ந்துதான் இறங்கினேன்" என்று கோச் அம்மாவிடம் சொன்னாள். கறைக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இவர் லாண்டரியில் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும் அது.

வேனில் இருவரும் திரும்பினார்கள். அவள் தன் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், பழக்க தோஷம், இவர் அந்தப் பையை வாங்கக் கை நீட்டினார்.

"இனிமே என் துணியைத் தொடாதப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறிவிடும் என்று காத்திருக்கலாம். நன்றாக யோசித்து, முடிவு செய்து, தணிந்த குரலில் சொன்னாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். "தொட மாட்டேம்மா" என்றார்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்து துணியை நனைக்கிற சத்தம் கேட்டது. ஊறவே விடாமல் தேய்க்கிறாள். நுரை போகுமுன்னே பிழிகிறாள். காலரைத் தேய்க்கவே இல்லை. கறைக்காரர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் தப்பும் தவறுமாகத் துவைக்கிற ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக் கேட்டு அழுதார்.